அப்படியே அண்ணனும் என் ஏழு கட்டை நடையும்

ஈப்போவில் பொய் சொல்லிப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அப்படியே அண்ணனிடம் பொய் சொல்லிப் பிழைத்தவர் என்று ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. இந்த வரியை அவர் கேட்டால், "ஆயிரம் பேருன்னு எண்ணினது யாரு?" என்று முதலில் என்னைத்தான் பிடிப்பார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். நான் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மாணிக்கம் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவரான அண்ணன் கோர்ட்டில் துபாசி. சாட்சி தமிழில் சொல்வதை மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஆங்கிலத்திலும், மாஜிஸ்ட்ரேட் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்கிற உத்தியோகம். சாட்சி கூண்டில் ஏறியதும், "நீங்க என்னா சொல்றீங்களோ அத அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

அப்படியே என்றால் மெய்யாகவே அப்படியே. ஒரு கள்ளுக்கடைச் சண்டை வழக்கில், எதிராளி திட்டிய வார்த்தையைச் சொல்லக் கூசிச் சாட்சி முணுமுணுத்தான். அண்ணனும் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். "உரக்கச் சொல்" என்றார் மாஜிஸ்ட்ரேட். சாட்சி கத்தினான். அண்ணனும் கத்தினார், அதே கை ஜாடையோடு. அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோர்ட்டைக் காட்ட அழைத்து வந்திருந்த கன்னியாஸ்திரி, பிள்ளைகளை வரிசையாக வெளியே ஓட்டிக்கொண்டு போனார்.

சாட்சி இருமினால் இவரும் இருமுவார். சாட்சி அழுதால் இவரும் அழுவார். "அழுகைய எப்படிலா மொழிபெயர்க்கிறது? அழுதுதான் காட்டணும்" என்பது அவர் கட்சி. சாட்சி மூக்கைச் சிந்தி நிறுத்தியதும் இவர் கண்ணும் காய்ந்துவிடும். சாட்சி அழாமல் இவர் ஒரு சொட்டுக்கூட விட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

இந்த உத்தியோகத்தைக் கோர்ட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எங்களுக்கு வம்பில்லை. அவர் வீட்டுக்கும் கொண்டு வந்தார். மாணிக்கம் வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு பஸ்ஸுல மூச்சு விட எடம் இல்ல மச்சான்" என்று சட்டையைக் கழற்றுவான். சமையல்கட்டிலிருந்து குரல் வரும். "எல்லாரும் உயிரோடதான எறங்கினாங்க?"

அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போனதும் இதனால்தான். தெலுக் இந்தானில் ஒரு நல்ல இடம். பெண்ணுக்கும் பிடித்திருந்ததாம். பெண்ணின் அப்பா சம்பிரதாயத்துக்கு, "தம்பிக்குக் குடிப் பழக்கம் ஏதும்..." என்று இழுத்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடிப்பதுதானே உலக வழக்கம். இவர் விரலை மடக்கினார். "கிறிஸ்மஸுக்கு ரெண்டு கிளாஸ். ஈஸ்டருக்கு ஒண்ணு. தீபாவளிக்கு மூணு, அது பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்தினது." அந்த வடையோடு சம்பந்தம் முறிந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் நான் என் வாழ்க்கைக் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விதி என்று வேறு எதைச் சொல்வது.

லண்டனில் ஒரு சட்டக் கல்லூரி, எங்கள் மாதிரி நாடுகளில் கஷ்டப்பட்டு வளர்ந்தவர்களுக்கென்று வருடத்துக்கு இரண்டு இலவச இடம் வைத்திருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கட்டுரை அனுப்ப வேண்டும்: உம் இளமைக் காலமும் அதில் நீர் பட்ட கஷ்டங்களும். நான் முந்தைய இரண்டு வருடமும் அனுப்பி, இரண்டு முறையும் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்திருந்தது. இருபத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அப்போது இருபத்துநான்கு. இந்த முறை தவறினால் ஆயுசு முழுக்க அடுத்தவர் வழக்குக்கு டைப் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு தரமும் ஏன் தோற்றேன் என்று மாணிக்கம் கண்டுபிடித்துச் சொன்னான். "உன் கட்டுரையில சூசா பத்தல மச்சான். வெள்ளைக்காரன் படிச்சா கைலேஞ்சிய எடுத்து கண்ணத் தொடைக்கணும். சூசா இல்லாம சீட்டு இல்லலா." சூசா என்றால் மலாயில் கஷ்டம். எங்கள் பேச்சில் அது தமிழாகி நாளாகிவிட்டது.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து சூசாவை அள்ளிப் போட்டேன். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன். பள்ளிக்கு ஏழு கட்டை தூரம் வெறுங்காலில் நடந்தேன். கட்டை என்றால் எங்கள் ஊரில் மைல். வழியில் நாகம் சீறியது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் வெறும் கஞ்சி. அம்மா பால்மரத்தடியில், அதாவது ரப்பர் மரத்தடியில், பசியில் மயங்கி விழுந்தாள். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று இருந்தது.

ஆங்கிலத்தைத் திருத்தத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். சனிக்கிழமை மதியம் தாளை நீட்டினேன். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும். அண்ணன் ஒரு முறை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"எந்திரிச்சு நில்லு. வலது கைய தூக்கு."

"அண்ணே, இங்கிலீஷ் மட்டும் பாத்தா போதும்."

"பைபிள் உனக்கு செல்லாது, நீ இந்து. கைய தூக்கு. பேரு?"

"ஆறு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம் அண்ணே."

"பேரு."

சொன்னேன். மாணிக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்தான்.

"உங்க தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு கரண்ட் எப்ப வந்துச்சு?"

"நான் ரெண்டாவது படிக்கிறப்ப."

"அப்ப மண்ணெண்ணெ வெளக்குல என்னா படிச்ச?"

"அ, ஆ."

"நாகம் சீறுச்சா?"

"பாம்பு ஒண்ணு ரோட்ட தாண்டுச்சு."

"உன்னப் பாத்துச்சா?"

"இல்லண்ணே. அது பாட்டுக்குப் போச்சு."

"உங்க தோட்டத்துப் பேரு என்னா?"

கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டம் கோலா கங்சார் டவுனிலிருந்து போகும் சாலையில் இருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ பெயர். தமிழர்களுக்கு அது நாலாங்கட்டைத் தோட்டம்.

"நாலாங்கட்டையில இருந்து டவுன் பள்ளிக்கூடம் ஏழு கட்டைன்னா, மிச்சம் மூணு கட்டைய எவன் போட்டது?" என்றார் அண்ணன். மாணிக்கம் சிரித்த சிரிப்பில் நாற்காலிக் கால் ஒன்று விட்டுப்போனது. தோட்டத்து லாரியில் பள்ளிக்குப் போனதையும் ஒப்புக்கொண்டேன். லாரி வராத நாட்களில் நடந்தது உண்மை என்றேன். எத்தனை நாள் என்றார். தூக்கிய கையைக் கீழே இறக்கிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் அவர் டிக் போட்டார். 'எனக்கு ஐந்து வயதாகும்போது என் தந்தை இறந்தார்.' காற்றில் காய்ந்த கிளை முறிந்து விழுந்து அப்பா போனது தோட்டத்துக்கே தெரியும்.

"மிச்சத்த அடிச்சிடவா அண்ணே?" என்று பரிதாபமாகக் கேட்டேன்.

"அத நான் சொல்ல முடியாது. இதுல உங்கம்மா ஒம்பது தடவ வராங்க. இங்கிலீஷ் தெரியாதவங்களப் பத்தி இங்கிலீஷ்ல தாள் எழுதினா, அவங்க பாஷையில வாசிச்சுக் காட்டணும். அவங்க சரின்னு சொல்லணும். அப்புறம்தான் கையெழுத்து."

"அது கோர்ட்டுல அண்ணே."

"இது எங்க போவுது? சட்டக் கல்லூரிக்குத்தான?"

ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் கோர்ட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கோலா கங்சார் டவுனுக்குள் நுழைந்ததும் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி மீட்டரைக் குறித்தார். தோட்டத்து வாசலில் மறுபடி நிறுத்தினார். "மூணே முக்கால்" என்றார். கட்டைக் கல்லே பொய் சொல்லியிருக்கிறது என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

அம்மா வாசலில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வெயிலில் கோட்டோடு ஓர் ஆள் இறங்குவதைப் பார்த்து லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "லண்டனுக்கு அனுப்புற தாள்மா. இவரு உங்களுக்கு வாசிச்சுக் காட்டணுமாம்" என்றேன். அண்ணன் நிமிர்ந்து நின்று, கோர்ட்டுக் குரலில், தமிழில் வாசித்தார்.

துபாசிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாட்சி 'நான்' என்றால் அவர்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவன் சொல்கிறான்' என்று சொல்லக் கூடாது. இது எங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"'நான் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டுமே உண்டு வளர்ந்தேன். என் தாய் எனக்கு வெறும் கஞ்சியே தந்தாள்.'"

அம்மா கீரையை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லியான தேகம், கோட்டு தொளதொளவென்று தொங்கியது.

"அதான் இப்படி இருக்கீங்களா? எந்தத் தோட்டம்பா நீங்க?"

"'ஏழு கட்டை தூரம் வெறுங்காலில் நடந்தேன்.'"

"ஐயோ பாவமே. உக்காருங்க தம்பி. சோறு ஆயிடுச்சு, கருவாடு வறுத்துருக்கேன். சாப்ட்டு மெதுவா வாசிக்கலாம்." பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் கண்ணைத் துடைத்தார். மாணிக்கம் கேட்ட கைலேஞ்சி அங்கே வெளியே வந்துவிட்டது. நான் தரை பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான்னா நான் இல்ல. இது உங்க மகன் எழுதினது. உங்க மகன் சொல்றாரு" என்றார் அண்ணன்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு வேளையா? எங்க வீட்டுலயே ரெண்டு வேளை தின்னுருக்கான்."

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத யாருடா படிப்பா?"

"லண்டன்ல, வெள்ளைக்காரங்கம்மா."

"அவங்க என்னப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

வெட்கமாக இருந்தது. இருபத்துநான்கு வருடம் அவர் ஆக்கிப் போட்ட சோற்றை ஒரே வரியில் கஞ்சியாக்கிவிட்டேன். "கஷ்டம்னு எழுதினாதாம்மா சீட்டு கெடைக்கும்" என்று மட்டும் முனகினேன்.

"கஷ்டம் இல்லன்னு யாரு சொன்னா? இருந்துச்சு. நீ எழுதியிருக்கிறது அது இல்ல."

அண்ணன் உடனே பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அப்படியே எழுதுறேன்."

அம்மா முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். கீரை உருவியபடியே சொன்னார்.

"இவங்கப்பா போயி பதினாறாம் நாளு கும்பிடல. தோட்டத்து ஆபீசு கிராணி ஒரு தாள கொண்டாந்தாரு. செத்தவரு பேர புத்தகத்துல அடிக்கணும், இங்க கைநாட்டு வைன்னாரு. வச்சேன். அதுல வீட்ட காலி பண்றேன்னு எழுதியிருந்துச்சாம். இவன் தங்கச்சி பொறந்து மூணு மாசம். நான் பால்மரம் வெட்டப் போகல. வேலைக்குப் போகாத ஆளுக்கு லயத்துல எடம் இல்ல."

"யாரும் வாசிச்சுக் காட்டலியா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலாம்னே தெரியாது தம்பி."

எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

"ஆயாக் கொட்டகையில ராத்திரி படுத்துக்கச் சொல்லி அங்க இருந்த ஆயாம்மா எடம் குடுத்தாங்க. காலையில பெரட்டுக்கு ஆள் எண்ணுறதுக்கு முந்தி பாய சுருட்டிக்கிட்டு வெளிய வந்துடணும். கிராணி பாத்தா அந்தம்மா வேலை போயிடும். நாலு மாசம். அப்புறம் எனக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க, வீடும் குடுத்தாங்க."

ஆயாக் கொட்டகை என்பது தாய்மார் மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். எனக்கு அந்த நாலு மாதம் நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. கொட்டகை நிறையத் துணித் தொட்டில்கள், பன்னிரண்டு என்று அண்ணனிடம் நடுவில் சொன்னேன். தினம் ஒரு தொட்டிலில் ஏறி ஆடுவேன். என் வாழ்க்கையிலேயே நான் மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"இவன்கிட்ட, தொட்டிலுக்கெல்லாம் நீதான் காவல்னு சொல்லி வச்சேன். அழக்கூடாதுல்ல. இவன் போயி பசங்ககிட்ட எல்லாம் நான் ஜாகான்னு பீத்திக்குவான்." அம்மா சிரித்தார். ஜாகா என்றால் காவல்காரன். "அப்பதான் நெனச்சேன், இவன தாள வாசிக்கிறவனா ஆக்கிடணும்னு. வக்கீல்னா என்னான்னு எனக்குத் தெரியாது. அடுத்தவங்களுக்கு தாள வாசிச்சுச் சொல்றவங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

மரத்தடியில் மயங்கி விழாத என் அம்மா, கீரைக் காம்புகளை ஒதுக்கித் தள்ளினார். அவர் கண் காய்ந்துதான் இருந்தது. நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. சாட்சி அழவில்லை. துபாசி அழுதுகொண்டிருந்தார்.

"கோட்ட கழட்டுங்க தம்பி, வேர்க்குது பாருங்க" என்றார் அம்மா, பார்க்காத மாதிரி.

ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் விதிப்படி தமிழில் திரும்ப வாசித்துக் காட்டினார். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "பன்னெண்டு தொட்டில்னு இவன் சொன்னத எழுதிட்டீங்க. பதினொண்ணுதான். ஒண்ணு கயிறு அறுந்து கெடந்துச்சு." அண்ணன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. தன் இனத்து ஆள் ஒருவரைக் கண்டுகொண்டார். உடனே பன்னிரண்டை அடித்துப் பதினொன்று போட்டார்.

அதோடு விட்டாரா? தாளின் அடியில், 'மேற்கண்டதை இந்த அம்மையாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சரியென்று சொன்னார்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கோட்டுப் பையிலிருந்து ஊதா மை டப்பா வெளியே வந்தது.

"அண்ணே, லண்டனுக்குப் போற தாள். கைநாட்டப் பாத்தா குப்பையில போட்டுடுவான்" என்று கெஞ்சினேன்.

"வைக்கிறேன்டா. இத எனக்கு வாசிச்சுக் காட்டியாச்சு" என்றார் அம்மா. புடவைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக அழுத்தி வைத்தார்.

கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை, நாகமும் இல்லை. திங்கட்கிழமை அதைத் தபாலில் போட்டபோது என் எதிர்காலத்தையே பெட்டிக்குள் தள்ளிவிட்டதாகத்தான் நினைத்தேன். "ஊதா மை நல்ல அழகா இருக்கு மச்சான்" என்று மாணிக்கம் ஆறுதல் சொன்னான்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வருந்தவில்லை. இடம் இருக்கிறது, செப்டம்பரில் வரவும் என்று எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இந்தக் கடிதத்தையும் உங்கள் தாயாருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டவும்.

அண்ணன் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டார். அதே வாசல், அதே பெண்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு, "எங்க வைக்கணும் தம்பி?" என்றார். "எங்கயும் வேணாம்மா. இது உங்களுக்கு வந்த சேதி. நீங்களே வச்சிக்குங்க" என்றார் அண்ணன். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அவர் காலம் முடிகிறவரை அது அங்கேதான் இருந்தது.

அண்ணன் இப்போது பத்து காஜாவில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியாயிற்று. விதி விதிதான் என்பதால், போன வாரம் போய் இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். மூன்று திருத்தம் சொன்னார். ஈஸ்டருக்கு ஒன்று இல்லை, அரை கிளாஸ். நாற்காலிக் கால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார்.

"நான் அழுதேன்னு எழுதியிருக்க. அத அடிச்சிடு. சாட்சி அழல, நான் எப்படி அழுவேன்?"

"நான் பாத்தேன் அண்ணே."

"நீயே பாத்தியா? யாரும் சொல்லி கேக்கலியே?"

"நானே பாத்தேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அப்ப சரி. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ஒரு வரியை மட்டும் அவருக்கு வாசிக்கவில்லை. கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் இருந்திருந்தாலும் அவர்மேல் எனக்கு இத்தனை பாசம் இருந்திருக்காது. வாசித்தால், "கூடப் பொறந்த அண்ணன்தான் உனக்கு இல்லியே, எப்படிலா ஒப்பிட்டுச் சொல்ற?" என்று கேட்பார். இதழில் பார்த்துக்கொள்ளட்டும்.